புகையானா, மிரிட்டா? குறைந்த செலவு க்ளோசப் முறைகளைச் சம்பா வயலில் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கார்த்திகை மாதம். ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையில் ஒரு கிராமத்தில் என் பெரியப்பாவின் சம்பா வயல். பிபிடி 5204 என்ற நெல் ரகத்தை நட்டிருந்தார், பயிர் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் நின்றது. நாலைந்து நாளாக மேகமூட்டம், வயலில் தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றது. தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சின்னச் சின்னப் பூச்சிகள் கூடியிருந்தன. குத்தை, அதாவது ஒன்றாக நின்ற தண்டுகளின் கொத்தை, தட்டினால் தண்ணீரில் உதிர்ந்து, துள்ளி மறுபடியும் தண்டில் ஏறிக்கொண்டன.

பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டு, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான்தான் என்று சொல்லிவிட்டார். மருந்துக் கடையில் செயற்கை பைரித்ராய்டு வகையில் ஒரு மருந்தை எடுத்தும் வைத்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"தம்பி, கல்யாணத்துல பொண்ணு நெத்திச்சுட்டியில இருக்குற கல்லைக்கூட எண்ணுற மாதிரி எடுக்குற. இந்தப் பூச்சிய எடுத்துக் காட்டேன். எல்லாம் ஒரே பூச்சியான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார்.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மேக்ரோ லென்ஸ் என்னிடம் கிடையாது. நல்லதாக ஒன்று வாங்கினால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும், அந்தக் காசுக்கு அந்த வருஷத்து உரச் செலவே முடிந்துவிடும். கையில் இருந்தது 18 மெகாபிக்சல் கேனான் டிஎஸ்எல்ஆர் ஒன்று, கூட வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஒரு சின்ன ஃபிளாஷ், ஒரு போன். இவற்றை வைத்து அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் கிடைத்தது, எந்த முறை எதற்குப் பயன்பட்டது, எது படவில்லை என்பதுதான் இங்கே எழுதியிருப்பது.

மலிவு க்ளோசப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பெருக்கத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை மடங்கு, எந்த ரிங், எந்தக் கண்ணாடி என்று. வயலில் நான் கண்ட வரிசை வேறு. முதலில் எந்த அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது. அடுத்தது வெளிச்சம். பெருக்கம் அதற்கப்புறம்தான்.

எந்த அடையாளம் தெரிய வேண்டும்?

தூரடியில் இருக்கக்கூடியவை பல. புகையான் பழுப்பு நிறம், 3 முதல் 4 மி.மீ. நீளம், சாற்றை உறிஞ்சும். எண்ணிக்கை பெருகினால் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது போலக் காய்ந்துவிடும். அதன் நெருங்கிய உறவு வெண்முதுகு தத்துப்பூச்சி. மூன்றாவதாகப் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. இதுவும் ஏறத்தாழ 3 மி.மீ. தான், இதுவும் தூரடியில்தான் திரியும். ஆனால் இது புகையானின் முட்டையையும் குஞ்சையும் குத்தி உறிஞ்சித் தின்கிற நன்மை செய்யும் பூச்சி. புகையான் அதிகமாகும் இடத்தில் இதுவும் அதிகமாகும். ஐந்தடி உயரத்தில் நின்று குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் துள்ளும் புள்ளிகள்தான்.

இதைப் பிரித்தறியாமல் மருந்தடிப்பதில் உள்ள ஆபத்து சின்னதல்ல. செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் மிரிட்டையும், புகையானைத் தின்னும் சிலந்தியையும் கொன்றுவிடும். தண்டின் இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகள் தப்பிக்கும். அவை பொரித்து வரும்போது தின்ன ஆள் இல்லாததால் முன்பைவிட வேகமாகப் பெருகும். புகையான் இருக்கும் வயலில் இந்த வகை மருந்து கூடாது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதற்குக் காரணம் இதுதான். மருந்தடிக்கும் அளவுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு புகையான். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. அதைத் தாண்டினால்தான் மருந்து.

ஆக, படம் மூன்று விஷயத்தைக் காட்ட வேண்டும். மிரிட்டா தத்துப்பூச்சியா? தத்துப்பூச்சி என்றால் பழுப்பா வெண்முதுகா? சிலந்தி இருக்கிறதா?

முதல் கேள்விக்கு உணர்கொம்பே போதும். மிரிட்டுக்கு நீளமான, கணுக்கணுவான உணர்கொம்பு. பச்சை உடல், கறுத்த தலை. புகையானுக்குக் கண்ணுக்குக் கீழே முளைக்கும் குட்டையான கொம்பு, நுனியில் மயிரிழை போல ஒன்று. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பின்னங்காலைப் பார்க்கலாம். புகையான் குடும்பத்துக்கே உரிய முத்திரை அங்கே இருக்கிறது: கீழ்க்கால் முடியும் இடத்தில் அசையக்கூடிய ஒரு முள். பச்சைத் தத்துப்பூச்சி வகைக்கு அந்த முள் கிடையாது, அதற்குப் பதில் காலெங்கும் வரிசையாகச் சிறு முட்கள். இரண்டாவது கேள்விக்கு முதுகின் நிறம் கெடாமல் பதிய வேண்டும். மூன்றாவதுக்குப் பெருக்கமே வேண்டாம், ஓநாய்ச் சிலந்தி வெறுங்கண்ணுக்கே தெரியும்.

காலிலுள்ள முள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. என் கேமராவில் படம் பதியும் சென்சார் 22.3 மி.மீ. அகலம், அதில் 5184 புள்ளிகள். 1:1 அளவில், அதாவது பூச்சி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது, ஒரு மில்லிமீட்டருக்கு 230 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். அந்த முள்ளைப் பார்க்க இது தாராளம். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று ஓட வேண்டிய அவசியம் இந்தக் கேள்விக்கு இல்லை என்று காகிதத்திலேயே தெரிந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போடாமல் பொருள் வாங்கப் போவதால்தான் பலர் வீட்டில் பயன்படாத ரிங்குகள் கிடக்கின்றன.

போனில் எதுவரை போகலாம்?

போன் லென்ஸின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கும் வித்தை எல்லோருக்கும் தெரியும். சொட்டு குவிலென்ஸாக வேலை செய்கிறது, அறிவியல் சரிதான். மேசையில் கிடக்கும் செத்த எறும்புக்கு நன்றாகவே வரும். வயலில் போனைச் சாய்த்த மறுநொடி சொட்டு வழிந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

நிஜமாகவே உதவியது கும்பகோணத்தில் நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் பத்து மடங்கு லென்ஸ், ஆசாரிகள் கல் பார்க்கக் கண்ணருகே பிடிப்பது. பத்து மடங்கு என்றால் அதன் குவியத் தூரம் 25 மி.மீ. அதைப் போன் கேமராவின் நேர்முன்னே ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினால், பூச்சியிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் தெளிவு வரும். படத்தின் குறுக்கே மூன்று சென்டிமீட்டர் சொச்சம் அடங்கும், ஓரங்கள் குழம்பினாலும் நடுப்பகுதி நன்றாக இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் உணர்கொம்பு நீளமா குட்டையா என்பது தெளிவாகத் தெரிந்தது. முதல் கேள்விக்குப் பதில் இதிலேயே முடிந்துவிட்டது: வயலில் இரண்டு வகையும் கலந்திருந்தன.

கேமரா இல்லாத விவசாயிக்கு நான் சொல்வது இந்த ஒரு லென்ஸைத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், போன் இல்லாமல் கண்ணால் பார்க்கவும் உதவும்.

இன்னொன்றையும் வீட்டில் செய்து பார்த்தேன். போன் ரிப்பேர் கடையில் ஒதுக்கிப் போட்ட போனிலிருந்து கேமரா லென்ஸை எடுத்து, அதைத் திருப்பி நம் போன் லென்ஸின் முகத்தோடு முகம் பார்க்க வைப்பது. இரண்டின் குவியத் தூரமும் ஒன்றாக இருந்தால் 1:1 கிடைக்கும். போன் சென்சாரின் அகலம் ஐந்தாறு மில்லிமீட்டர்தான் என்பதால், பூச்சி படம் முழுக்க நிறைந்துவிடும். ஆனால் லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே இடைவெளியே இருக்காது, வெளிச்சம் உள்ளே போக வழியில்லை. சிறகு, செதில், இலை நரம்பு போன்ற தட்டையானவற்றைப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு எடுக்க அருமையான முறை. உயிரோடு துள்ளுவதற்கு ஆகாது.

லென்ஸைத் திருப்புவது, தள்ளி வைப்பது

டிஎஸ்எல்ஆரில் மலிவு வழிகள் மூன்று. அதில் முன்னால் திருகும் க்ளோசப் ஃபில்டரைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். +4 என்று எழுதியிருந்தால் அதன் குவியத் தூரம் 250 மி.மீ. லென்ஸைத் தொலைவுக்கு ஃபோகஸ் வைத்த நிலையில், லென்ஸின் குவியத் தூரத்தை அதனால் வகுத்தால் பெருக்கம் வரும். 250 மி.மீ. ஜூம் வைத்திருப்பவருக்கு அதே +4 நேராக 1:1 தரும். 55 மி.மீ. கிட் லென்ஸில் அதே கணக்கு கால் பங்கைக்கூட எட்டாது. ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவு ஃபில்டர்களில் பூச்சியின் விளிம்பைச் சுற்றி ஊதாவும் பச்சையும் படரும். நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டிய இடத்தில் அது உதவாது.

ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு பக்கம் லென்ஸின் ஃபில்டர் மரை, மறுபக்கம் கேமராவில் மாட்டும் வாய். என் கிட் லென்ஸுக்கு 58 மி.மீ. ரிங் பொருந்தியது. லென்ஸைத் திருப்பி மாட்டியதும் ஜூம் வளையமே பெருக்க வளையமாகிவிடும். 55 பக்கம் வைத்தால் ஏறத்தாழ உண்மை அளவு, 18 பக்கம் கொண்டுபோனால் மூன்று மடங்குக்கு மேல். எத்தனை மடங்கு என்று தெரிய ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் படம் எடுத்தால் போதும். படத்தின் அகலத்தில் 22 மி.மீ. தெரிந்தால் 1:1, 11 மி.மீ. தெரிந்தால் இரண்டு மடங்கு, ஏழு தெரிந்தால் மூன்று. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்புவதைவிட இது நல்லது.

திருப்பி மாட்டிய லென்ஸோடு கேமராவுக்கு மின்தொடர்பு இல்லை, ஆகவே அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, முழுதாகத் திறந்தே இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. லென்ஸை முறையாக மாட்டி எஃப் 8 வைத்து (எஃப் எண் கூடக் கூடத் துளை சுருங்கும்), டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது தெளிவின் ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றினால் இதழ்கள் அதே நிலையில் நின்றுவிடும். நிக்கான்காரர்களுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், மடித்த அட்டைத் துண்டை அதில் செருகி வேண்டிய அளவுக்குத் திறந்து வைக்கலாம். திருப்பிய லென்ஸின் பின்கண்ணாடி சேற்றைப் பார்த்து நிற்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய பின்மூடி ஒன்றின் நடுவை வட்டமாக அறுத்து மாட்டிவிட்டால் அதுவே ஒரு காப்பு.

இவ்வளவும் சொன்னபிறகும், வயலுக்குள் நான் கொண்டுபோனது ரிவர்ஸ் ரிங் அல்ல. 50 மி.மீ. லென்ஸும் எக்ஸ்டென்ஷன் ட்யூபும்தான். ட்யூபில் கண்ணாடியே இல்லை, லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும் வெறும் வளையம். தள்ளிய தூரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் வரும். 13, 21, 31 மி.மீ. என்று மூன்று வளையங்கள் சேர்ந்து வரும் செட்டில் மொத்தம் 65. அதை 50-ஆல் வகுத்தால் 1.3 மடங்கு. மின்தொடர்பு உள்ள செட் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும். அப்பர்ச்சர் கேமராவிலிருந்தே இயங்கும், க்ளிக் ஆகும்வரை வ்யூஃபைண்டர் வெளிச்சமாக இருக்கும். தூரடியின் இருட்டில் இது பெரிய சௌகரியம். தொடர்பில்லாத வெறும் உலோக செட் இன்னும் மலிவு, ஆனால் எஃப் 8-இல் பூட்டிய இருண்ட வ்யூஃபைண்டரில் துள்ளும் பூச்சியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று மடங்கை வயலில் விரும்பாததற்குக் காரணம் தெளிவின் ஆழம். கணக்குப்படி எஃப் 8-இல் 1:1 அளவில் சுமார் 0.6 மி.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். மூன்று மடங்கில் 0.14 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். கூடவே சென்சாருக்கு வரும் வெளிச்சம் 1:1-இல் நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கில் பதினாறில் ஒரு பங்கு. அப்பர்ச்சரை எஃப் 22-க்கு இறுக்கி ஆழத்தைக் கூட்டலாம் என்றால், ஒளி விளிம்பில் வளைந்து சிதறிப் படம் முழுவதையும் மழுக்கிவிடும். 1:1-இல் எஃப் 8 என்று வைத்தாலே அது எஃப் 16 போலத்தான் நடந்துகொள்கிறது. அதற்கு மேல் இறுக்குவதில் லாபமில்லை.

வெளிச்சம்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமராவின் மேல் ஃபிளாஷை அப்படியே வைத்து எடுத்த படங்களில் புகையானின் முதுகில், இறக்கைகள் சேரும் இடத்துக்குச் சற்று முன்னே, பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வெண்முதுகு தத்துப்பூச்சியின் அடையாளமும் சரியாக அந்த இடத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டுதான். அந்தப் படத்தை அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டினாலும் அப்படித்தான் சொல்வார். அதே பூச்சியை, அதே இடத்தில், ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை ஃபோம் தாளை வைத்து எடுத்தபோது முதுகு முழுக்கப் பழுப்பு. வெள்ளை என்று தெரிந்தது பளபளப்பான ஓட்டில் பட்டுத் திரும்பிய ஃபிளாஷ்தான். விலை உயர்ந்த லென்ஸ் அந்தத் திட்டை இன்னும் கூர்மையாகக் காட்டியிருக்கும், அவ்வளவுதான். பதிலை மாற்றியது பெட்டிக்குள் வந்த ஒரு துண்டு ஃபோம்.

ஒரு வெளிச்சம் மென்மையா கடினமா என்பது, பொருளுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஃபிளாஷின் முகம் நமக்கு உள்ளங்கை அளவு. ஆனால் அரையடி தள்ளி நின்றால் பூச்சிக்கு அது ஒரு சிறு சன்னல்தான். 15 செ.மீ. அகலத்தில் ஒரு வெள்ளைத் தாளை அதன் தலைக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் கொண்டுவந்துவிட்டால், அந்த 3 மி.மீ. உயிருக்கு அது மேகம் மூடிய வானம் மாதிரி. எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வழிகிறது, பளபளப்பு ஒரே இடத்தில் குவிவதில்லை. அந்தத் தாளை அப்படியே பத்து செ.மீ. தள்ளிவிட்டால் திட்டு மறுபடி வந்துவிடும். மென்மை தாளில் இல்லை, தாள் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

செய்த விதம் எளிது. மிக்ஸி, டிவி பெட்டிகளுக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டை ஏ4 அளவில் வெட்டினேன். நடுவில் லென்ஸ் நுழையும் அளவு வட்டம். மேல்பாதியைக் கூரைபோல வளைத்து லென்ஸ் முனையைத் தாண்டி முன்னே நீட்டி, ரப்பர் பேண்டால் கட்டினேன். ஃபிளாஷிலிருந்து கூரை வரைக்கும் ஒரு அட்டைப் பெட்டிக் குழாய், உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியது. கூரைக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு இரண்டாவது ஃபோம் தாள். முதல் தாள் வெளிச்சத்தைப் பரப்பும், இரண்டாவது அதைச் சமப்படுத்தும். ஒரே தாளில் நடுவில் பிரகாசமான வட்டம் ஒன்று எஞ்சி நிற்கும், அது பூச்சியின் கண்ணில் தெரியும். பால் கவரின் வெள்ளைப் பக்கம், பட்டர் பேப்பர், டிரேசிங் பேப்பர் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்ததில் ஃபோம்தான் மேல். மழைத் தூறலில் நனைந்து தொங்குவதில்லை.

ஃபிளாஷால் இன்னொரு லாபம், அசைவு உறைந்துவிடும். சின்ன ஃபிளாஷில் திறனை எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று குறைத்தால், வெளிச்சம் எரியும் நேரமே நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கை நடுக்கமும் காற்றில் ஆடும் தண்டும் அதற்குள் நின்றுவிடும். மேனுவலில் நொடியில் 200-இல் ஒரு பங்கு, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் எட்டில் ஒன்று என்று ஆரம்பித்து, முதல் படத்தைப் பார்த்து ஃபிளாஷை மட்டும் கூட்டிக் குறைத்தால் போதும். இந்த அமைப்பில் பூச்சிக்குப் பின்னால் எல்லாம் கறுப்பாகிவிடும். புகையான் தண்டோடு ஒட்டியிருப்பதால் பிரச்சினை இல்லை. உணர்கொம்பு கறுப்பில் மறைந்தால் இரண்டு விரற்கடை பின்னால் ஒரு நெல் இலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

சேற்றில் நின்று எடுப்பது

முக்காலி சேற்றில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வரப்பிலேயே விட்டுவிட்டேன். உறுதியான முறை, இடது கையால் தண்டைப் பிடித்து, அதே கையின் விரல் முட்டியில் லென்ஸின் முனையைச் சாய்த்துக்கொள்வது. அப்போது பூச்சியும் லென்ஸும் ஒன்றாகவே ஆடும், இடைவெளி மாறாது. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடலை ஒரு நூலளவு முன்னே சாய்த்து, கண்ணில் தெளிவு விழும் நொடியில் அழுத்த வேண்டும். ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட வேண்டும், அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

விடிந்ததும் போவது நல்லது. கார்த்திகை, மார்கழிப் பனியில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், பத்து மணிக்கு மேல் நிழல் விழுந்தாலே தண்டைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும். எண்ணிக்கைக்கு வேறு முறை: குத்தைச் சாய்த்து வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டின் மேல் தட்டி, உதிர்வதை உடனே போனில் ஒரு படம். படத்தை வைத்து நிதானமாக எண்ணலாம், துள்ளி ஓடியதை நினைவில் வைக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் தட்டு வேண்டாம், பிரதிபலிப்பில் ஒன்று இரண்டாகும். தட்டின் ஓரத்தில் ஸ்கேல் துண்டு ஒட்டியிருந்தால் அளவும் கிடைத்துவிடும்.

காலிலுள்ள முள்ளுக்கு மட்டும் செத்த பூச்சி தேவைப்பட்டது. தட்டில் சேர்ந்த தண்ணீரில் மூழ்கி இறந்தவற்றிலிருந்து எடுத்துக்கொண்டேன், படத்துக்காக எதையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசையில் ஒரு பலகை, அதில் ஒரு சின்ன மரக்கட்டை, அதைப் பின்னாலிருந்து தள்ளும் எம்6 போல்ட். எம்6 மரையின் ஒரு முழுச் சுற்று 1 மி.மீ., கால் சுற்று 0.25 மி.மீ. 1:1-இல் 0.6 மி.மீ. ஆழம் இருப்பதால் கால் சுற்றுக்கு ஒரு படம் எடுத்தால் தெளிவுகள் ஒன்றோடொன்று கவிந்து வரும். அவற்றைப் பிக்கோலே என்ற இலவச மென்பொருளில் அடுக்கினால், தலையிலிருந்து பின்னங்கால் வரைக்கும் தெளிவான ஒரே படம். நெகிழாமல் நிற்கும் இந்தப் பலகைக்கு ஆன செலவு ஒரு போல்ட், இரண்டு நட்டு.

படங்கள் சொன்னது

பின்னங்காலில் முள் இருந்தது, முதுகு பழுப்பு: புகையான்தான். குட்டை இறக்கைப் பெண் பூச்சிகளும் இருந்தன. அவை பறந்து போகாமல் அங்கேயே முட்டையிட்டுப் பெருகுபவை, ஆகவே லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தட்டுப் படங்களில் துள்ளிய புள்ளிகளில் கணிசமானவை கறுத்த தலையும் நீண்ட உணர்கொம்பும் உள்ள மிரிட்டுகள். ஓநாய்ச் சிலந்திகள் பெரும்பாலான குத்துகளில் இருந்தன, ஒன்று முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டிருந்தது. மிரிட்டைக் கழித்து எண்ணியபோது வயலின் பெரும்பகுதியில் தூருக்கு இரண்டு என்ற அளவுக்குக் கீழே. தென்னை நிழல் விழும் வடக்கு மூலையில் மட்டும் அதைத் தாண்டியிருந்தது.

படங்களை வேளாண் உதவி அலுவலருக்கு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, கால் முள் மறைந்துவிடுகிறது. டாகுமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். பார்த்துவிட்டு அவர் பெரியப்பாவிடமே பேசினார். "ஐயா, பைரித்ராய்டு வேண்டாங்க. தண்ணிய வடிங்க, யூரியாவ நிறுத்துங்க, அந்த மூலைக்கு மட்டும் நான் எழுதித் தர்ற மருந்த தூர் நனையுற மாதிரி அடிங்க."

மடையைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். நடவில் பட்டம், அதாவது இடைவழி, விடவில்லை என்பதால் எட்டடிக்கு ஒரு அடியாகப் பயிரை இருபக்கமும் ஒதுக்கி, தூரடிக்கு வெயிலும் காற்றும் போக வழி செய்தார்கள். மூலைக்கு மட்டும் மருந்து. அடுத்த வாரம் எடுத்த தட்டுப் படங்களில் புகையான் குறைந்திருந்தது, மிரிட்டும் சிலந்தியும் அப்படியே இருந்தன. மூலையில் ஒரு பாய் அகலத்துக்குக் காய்ந்ததோடு நின்றுவிட்டது. தண்ணீர் வடித்ததா, வெயில் வந்ததா, சிலந்தியா, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இந்தப் படங்களால் முடியாது. கடையில் எடுத்து வைத்த மருந்து வயலுக்கு வரவில்லை என்பதும், அதற்குக் காரணம் அந்த உணர்கொம்பும் பழுப்பு முதுகும்தான் என்பதும் நிச்சயம்.

இந்தச் செட்டுக்கு எட்டாத இடமும் ஒன்று உண்டு. புகையான் முட்டைகள் இலையுறைக்குள் வரிசையாகப் பதிந்திருக்கும். அவற்றைத் தாக்கும் அனாக்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. அது புகுந்த முட்டை செம்மஞ்சள் நிறமாக மாறும். இலையுறையைக் கிழித்து அந்த நிறத்தைப் படம் பிடித்தால், எத்தனை முட்டை பொரிக்காமலே போகும் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பு கிடைக்கும். இங்கேதான் திருப்பி மாட்டிய 18 மி.மீ.க்கு வேலை இருக்கிறது: மேசை மேல், போல்ட் பலகையில், கால் சுற்றுக்குப் பதில் எட்டில் ஒரு சுற்று நகர்த்தி, ஃபோம் கூரையை இன்னும் கிட்டே இறக்கி. தாளடிப் பயிரில் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.